தீர்ப்புக்கு முந்திய தண்டனை



சட்டப் பிரிவுகள் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் உண்மையில் எவ்வாறு இயங்குகின்றன என்பதை விளக்க எழுந்த கோட்பாடுகளுள் பெரிதும் பேசப்படுவது, அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஹெர்பர்ட் பாக்கர் 1964-இல் கட்டுரையாக எழுதி, 1968-இல் நூலில் விரித்துரைத்த இரு மாதிரிகள். முதலாவதான குற்றக் கட்டுப்பாட்டு மாதிரி, குற்றத்தை ஒடுக்குவதே தலையாய பணி எனக் கொண்டு, காவல்துறையின் புலனாய்வை நம்பி, வழக்குகளைக் கன்வேயர் பெல்ட்டில் நகரும் பொருள்களைப் போல விரைந்து முடிக்க முனைகிறது. முறைவழி நீதி மாதிரியோ, அதிகாரம் கையில் உள்ளவரும் தவறக்கூடும் என்ற ஐயத்தில் தொடங்கி, தண்டனைக்குச் செல்லும் பாதையில் வழக்கறிஞர் உதவி, சாட்சிய விதிகள், மேல்முறையீடு எனத் தடைகளை வேண்டுமென்றே நிறுத்துகிறது.

இத்தடைகளை வீண் தாமதம் என்று கருதுவோர் கிடியன் வழக்கை ஊன்றிப் படிக்க வேண்டும். 1961-இல் புளோரிடாவின் பனாமா சிட்டியில் பில்லியர்ட்ஸ் கூடமொன்றில் புகுந்து திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட கிளாரன்ஸ் எர்ல் கிடியன், கையில் பணமில்லாததால் அரசே வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் எனக் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டுமே அவ்வுதவி உண்டு என நீதிபதி மறுத்துவிட, தாமே வாதாடித் தோற்று ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சிறையிலிருந்து அவர் பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவை விசாரித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1963-இல் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மறுவிசாரணையிலும் அதே குற்றச்சாட்டு, அதே முதன்மைச் சாட்சி. அச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய இம்முறை ஒரு வழக்கறிஞர் இருந்தார், ஜூரியினர் கிடியனை விடுவித்தனர்.

ஆயினும் பாக்கரின் மாதிரிகளுக்குள் எளிதில் அடங்காத இன்னொரு பக்கமும் உண்டு. அரசியல் அறிஞர் மால்கம் ஃபீலி, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரக் கீழமை நீதிமன்றத்தை ஆராய்ந்து 1979-இல் வெளியிட்ட நூலில், சிறு வழக்குகளில் வழக்கு நடக்கும் விதமே தண்டனையாகிவிடுகிறது என்று காட்டினார். பிணைத்தொகையைத் திரட்டும் அலைச்சல், வாய்தாதோறும் இழக்கும் நாட்கூலி, வழக்கறிஞர் கட்டணம் ஆகிய இவையெல்லாம் சேர்ந்து விதிக்கப்படும் அபராதத்தையே விஞ்சிவிடுவதால், வாதாட இடமிருப்பவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு வெளியேறுவதே மேல் எனக் கருத நேர்கிறது. கிடியன் பெற்றுத்தந்த வழக்கறிஞர் உதவிக்கான உரிமை, 1972-இல் வேறொரு தீர்ப்பின் வழியே, சிறைத்தண்டனை விதிக்கப்படும் சிறு குற்றங்களுக்கும் விரிந்துவிட்டது. ஆனால் அவ்வுரிமையைக் கோரும் கூலித்தொழிலாளி, அதற்காகவே இன்னொரு நாள் வேலையை விட்டு நீதிமன்ற வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.