எஞ்சின் ஒயிலின் சூட்டை அறிதல்: வெப்பமானி பூட்டும் முறை

வாகனம் ஓட்டும் எவரும் டாஷ்போட்டில் உள்ள வெப்ப முள்ளை அறிவர். அது நடுவில் நின்றால் எஞ்சின் சுகமாக இருக்கிறது என்று நம்புவர். ஆனால் அந்த முள் காட்டுவது எஞ்சினின் சூட்டை அன்று. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் சூட்டை மாத்திரமே. தண்ணீர் இருக்கும் வரைக்கும்தான் அந்தச் சாட்சி உண்மை பேசும். றேடியேற்றர் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டால், சென்சர் வெறும் காற்றிலும் ஆவியிலும் நிற்கும். அப்பொழுது முள் ஏறுவதற்குப் பதிலாக இறங்கவும் கூடும். சாரதி எல்லாம் சரி என்று எண்ணித் தொடர்ந்து ஓட, சில நிமிடங்களில் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

எங்கள் மாவட்டத்தில் ஒரு வான் அல்லது சிறிய லொறி என்பது பல குடும்பங்களுக்கு வயல் போன்றது. விடியுமுன் மீன் ஏற்றிக்கொண்டு ஹபரணை வீதியில் ஓடுவதும், மடுவுக்கும் கதிர்காமத்துக்கும் ஆட்களை ஏற்றிச் செல்வதும், மூதூர், தோப்பூர்ப் பக்கமிருந்து நெல் மூடை கொண்டுவருவதும் அந்த ஒரே எஞ்சின்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் அது மீண்டும் திறக்கப்பட்டபோதிலும் புதிய வரிகளுடன் விலை சாதாரண மக்களின் கைக்கு எட்டவில்லை. ஆகவே இருபது, முப்பது வருடம் ஓடிய எஞ்சின்களையே இன்னும் பல காலம் ஓட்ட வேண்டியுள்ளது. அவற்றைக் காப்பாற்ற உதவும் ஒரு சிறிய கருவியைப் பற்றி இப்பாடத்தில் படிப்போம்.

ஒயில் ஏன் சூடாகிறது?

ஒயிலுக்கு இரண்டு வேலைகள் உண்டு. உராய்வைக் குறைப்பது ஒன்று. தண்ணீர் போய்ச் சேர முடியாத இடங்களில், அதாவது பிஸ்டனின் அடிப்பக்கம், கிராங்க் தண்டின் பெயரிங்குகள் ஆகியவற்றில், சூட்டை வாங்கிக் கொண்டுவருவது மற்றது. எனவே எஞ்சினுக்குள் நடக்கும் பாரத்தை ஒயில் நேரடியாக உணர்கிறது. தண்ணீர் விரைவில் சூடாகி, தெர்மோஸ்டாற்றின் கட்டுப்பாட்டில் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். ஒயில் மெதுவாகச் சூடாகும். பாரம் கூடினால் மேலும் ஏறும். இறங்குவதற்கும் நேரம் எடுக்கும்.

ஒயில் போத்தலில் ‘15 டபிள்யூ 40’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் உள்ள 40 என்ற எண், 100 பாகை செல்சியஸ் சூட்டில் அந்த ஒயில் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதைக் குறிக்கும் தரம். இத்தகைய ஒயில் 40 பாகையில் இருக்கும் தடிப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் 100 பாகையில் இருக்கும். 130 பாகைக்குப் போனால் 100 பாகையில் இருந்ததிலும் பாதியளவாகிவிடும். பெயரிங்குக்கும் தண்டுக்கும் இடையில் இரும்பும் இரும்பும் தொடாமல் பிரித்து வைத்திருப்பது இந்தத் தடிப்புத்தான். அதோடு, சூடு ஒவ்வொரு 10 பாகை ஏறும்போதும் ஒயில் கெட்டுப்போகும் வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் ஒரு பொதுக் கணக்கு. சீனக்குடாவிலேயே மசகெண்ணெய் கலந்து அடைக்கும் ஆலை உள்ள மாவட்டம் இது. இருந்தும் லேபல் இல்லாத கானில் மலிவாகக் கிடைப்பதை வாங்கி ஊற்றும் பழக்கம் எங்களை விடவில்லை. வெப்பமானி பூட்டினாலும் அந்த ஒயிலைத் திருத்த முடியாது.

ஓடிச் சூடேறிய எஞ்சினில் ஒயில் 90 முதல் 110 பாகை வரை இருப்பது நல்லது. பாரத்தோடு நீண்ட தூரம் ஓடும்போது 120 வரை போவது பயப்படத் தக்கதன்று. 130ஐத் தாண்டினால் காலை எடுக்க வேண்டும்.

சூடு போதாமல் இருப்பதும் ஒரு நோயே. இதைப் பலர் அறியார். ‘எங்கள் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை’ என்று தெர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் எங்கள் கராஜ்களில் உண்டு. அப்படிக் கழற்றிய வாகனம் சந்தைக்கும் பாடசாலைக்குமாகச் சின்னத் தூரம் ஓடினால், ஒயில் 70 பாகையைக் கூட எட்டாமல் போகலாம். எரிதலில் உண்டாகும் நீர் ஒயிலுக்குள் தங்கிவிடும். ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த கோப்பிபோலப் படிந்திருப்பது இதனால்தான். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாற் இல்லாவிட்டால் தண்ணீர் றேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, பாரத்தில் இன்னும் அதிகமாகச் சூடாகும். முதலில் தெர்மோஸ்டாற்றை அதன் இடத்தில் பூட்டுங்கள். பிறகு வெப்பமானியைப் பற்றி யோசிக்கலாம்.

சென்சரை எங்கே வைப்பது?

மூன்று இடங்கள் சொல்லப்படுவதுண்டு. சம்ப் நட்டுக்குப் பதிலாகச் சென்சர் பூட்டிய நட்டை வைப்பது ஒரு முறை. மலிவானது, இலேசானது. ஆனால் ஜப்பான் கார்கள் பலவற்றின் சம்ப் நட்டு 12 அல்லது 14 மி.மீ. விட்டமே உடையது. அதற்குள் சென்சரின் முனை சரியாக நுழையாது. நட்டின் தலைக்குள் தேங்கி நிற்கும் ஒயிலையே அது அளக்கும். அதைவிட முக்கியம் எங்கள் பாதைகள். வெருகல், குச்சவெளிப் பக்கத்து உட்பாதைகளில் கல்லோ மரவேரோ தட்டுவது முதலில் சம்பில்தான். அங்கே நீட்டிக்கொண்டு நிற்கும் சென்சர் உடைந்தால் ஒயில் முழுவதும் மண்ணுக்குப் போகும். இந்த முறையை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஒயில் அமுக்க விளக்கின் சுவிற்ச்சைக் கழற்றிவிட்டு அந்தத் துவாரத்தில் வெப்பச் சென்சரைப் பூட்டுவது இரண்டாவது முறை. இதை ஒருபோதும் செய்யாதீர்கள். அமுக்க விளக்கு எஞ்சினின் உயிர்க்காவல். இரண்டையும் ‘டீ’ இணைப்பில் சேர்த்துப் பூட்டலாம் என்பார்கள். அங்கே ஒயில் ஓடாமல் முட்டி நிற்பதால் சூடு குறைவாகவே காட்டும். கையில் ஒரு மானிக்கே பணம் உண்டென்றால், வெப்பமானியை விட்டு அமுக்கமானியை வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை.

மூன்றாவது, ஒயில் பில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒரு தட்டு வைப்பது. கடைகளில் சான்விச் பிளேற் என்று கேட்டால் தருவார்கள். பம்ப் தள்ளிவிடும் ஒயில் முழுவதும் இதனூடாக ஓடுவதால் உண்மையான சூட்டை அறியலாம். திருகிக் கழற்றும் தகரப் பில்டர் உள்ள எஞ்சின்களுக்கே இது பொருந்தும். கடதாசிப் பில்டர் மட்டும் மாற்றும் வகைக்குப் பொருந்தாது.

புரியைப் பார்த்து வாங்குக

இவ்வேலையில் ஏற்படும் நட்டங்களிற் பெரும்பாலானவை புரி மாறுவதால் வருவன. ரொயோட்டா பெற்றோல் கார்கள் பலவற்றில் பில்டர் புரி முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 சுற்று. ஹொண்டா, மிற்சுபிஷி கார்கள் பலவற்றில் 20 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. இடைவெளி. டீசல் வான்களில் இதைவிடப் பெரியவையும் உண்டு. முக்கால் அங்குலம் என்பது 19 மி.மீ. ஆகையால் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. பழைய பில்டரைக் கடைக்குக் கொண்டுபோய்த் தட்டின் நடு நட்டில் கையால் திருகிப் பாருங்கள். தடையின்றி முழுவதும் ஏறினால் மாத்திரம் வாங்குங்கள்.

சென்சரின் புரி பெரும்பாலும் அரைக்கால் அங்குலக் குழாய்ப் புரியாக இருக்கும். இதிலும் இரண்டு சாதி. பிரித்தானிய முறையில் அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க முறையில் 27. ஜப்பானியரின் முறை பிரித்தானிய முறையை ஒத்தது. ஒன்றை மற்றதில் திருகினால் முதல் இரண்டு மூன்று சுற்று நல்லாகப் போவதுபோலத் தோன்றும். பிறகு இறுகும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஸ்பனரைப் பிடித்தால் அலுமினியத் தட்டு வெடிக்கும். அன்று வெடிக்காவிட்டால், பாரத்தோடு ஓடும் ஒரு நாளில் அமுக்கத்தில் ஒயில் பீறிட்டு, சூடான புகைக் குழாயில் பட்டுத் தீப்பற்றவும் கூடும்.

மானியும் சென்சரும் ஒரே தயாரிப்பாளரின் சோடியாக இருக்க வேண்டும். இந்தச் சென்சரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். எந்தச் சூட்டில் எத்தனை ஓம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். ஒன்றின் சென்சரை மற்றதன் மானிக்குக் கொடுத்தால், முள் அசையும். ஆனால் சொல்வது பொய்.

பூட்டுமுன் சோதித்தல்

மானியையும் சென்சரையும் மேசையில் வைத்து ஒரு 12 வோல்ற்று பற்றரியோடு இணையுங்கள். சென்சரின் உலோக உடலிலிருந்து பற்றரியின் மறை முனைக்கு ஒரு வயர் கொடுங்கள். சென்சரின் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் தொடக்கூடாது. கடல் மட்டத்தில் இருக்கும் எங்களுக்குத் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்பது இறைவன் தந்த ஒரு வசதி. நுவரெலியாவில் இதே சோதனையைச் செய்தால் 94 பாகையளவில் கொதித்துவிடும். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் பார்க்கலாமே என்று இளைஞர் பகிடியாகக் கேட்பதுண்டு. மனிதர் குளிக்கக்கூடிய சூடு எஞ்சினுக்குக் குளிர். முள் 100க்கு நாலைந்து பாகை இப்பக்கம் அப்பக்கம் நின்றால் போதும். ஒயிலை அடுப்பில் காய்ச்சிச் சோதிக்க முயலாதீர்கள்.

பூட்டுதல்

எஞ்சின் ஆறிய பின், ஒயில் மாற்ற வேண்டிய நாளிலேயே இந்த வேலையைச் செய்தால் வீண் செலவில்லை. வாகனத்தை ஜக்கில் மட்டும் நிறுத்திக்கொண்டு கீழே படுக்க வேண்டாம். உறுதியான முட்டு வையுங்கள். பழைய ஒயிலை வடித்துப் பில்டரைக் கழற்றுங்கள். பழைய இறப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் இன்னொன்றை வைத்தால் கட்டாயம் ஒழுகும்.

சென்சரை முதலிலே தட்டில் பூட்டுவது இலகு. புரியில் ரெப்லோன் ரேப் சுற்றுவோர் அளவறிந்து சுற்ற வேண்டும். ஒரு வயர் மட்டும் உள்ள சென்சர், தன் உடல் வழியாகவே எஞ்சினோடு மின்சுற்றை முடிக்கிறது. நாலைந்து சுற்று ரேப் போட்டால் உலோகம் உலோகத்தைத் தொடாமல், முள் எப்போதும் குளிரிலேயே நிற்கும். முதல் இரு புரியை விட்டு ஒரு சுற்று போதும். தட்டில் உள்ள மற்றத் துவாரங்களை அவற்றுக்குரிய அடைப்பானால் இறுக்கி மூடுங்கள்.

தட்டின் வளையத்தில் ஒயில் தடவி எஞ்சினில் வைத்து, நடு நட்டைக் கையால் ஏற்றிய பின் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். நட்டு இறுகும்போது தட்டு சேர்ந்து சுழல முயலும். சென்சர் சட்டத்திலோ புகைக் குழாயிலோ முட்டாத நிலையில் அதைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். பின்னர் பில்டரை, அதன் வளையம் தொட்டபின் முக்கால் சுற்று, கையால் மாத்திரம் இறுக்குங்கள். தட்டின் தடிப்பு அளவுக்குப் பில்டர் வெளியே வரும். அது குறுக்குச் சட்டத்தில் முட்டுமா என்பதை வாங்குமுன்னரே அளந்திருக்க வேண்டும்.

வயரைப் புகைக் குழாய்க்கும் பெல்ற்றுக்கும் தூரமாகக் கொண்டுபோய், தகரச் சுவரின் துவாரத்தில் இறப்பர் வளையம் போட்டு உள்ளே எடுங்கள். மானிக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் வரும் வயரிலிருந்து, சிறிய பியூஸ் ஒன்றின் வழியாக எடுக்க வேண்டும். முள்ளால் காட்டும் சாதாரண மானியில் சரிபார்ப்பது எளிது. சாவியைப் போட்டுச் சென்சர் வயரைக் கழற்றினால் முள் குளிரின் அந்தத்துக்குப் போகும். அதே வயரை ஒரு கணம் எஞ்சினில் தொட்டால் சூட்டின் அந்தத்துக்குப் போகும். பின்னொரு நாள் முள் திடீரென்று ஒரேயடியாக மேலே பாய்ந்தால், ஒயில் எரிகிறது என்று பதறுமுன் வயர் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். ஒயில் ஒருபோதும் ஒரு நொடியில் 50 பாகை ஏறாது.

புதிய ஒயில் ஊற்றி எஞ்சினை இயக்குங்கள். அமுக்க விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். பத்து நொடியில் அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஒருவர் கீழே ரோச் லைற்றோடு ஒழுக்கைப் பார்க்கட்டும். பின் நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு ஒயில் கம்பியைப் பார்த்துக் குறைவை நிரப்புங்கள். 50 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடியும் கீழே பாருங்கள்.

முள்ளை வாசித்தல்

முதல் மாதம் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்: வெறும் வானுக்கு எத்தனை, நிறை பாரத்துக்கு எத்தனை, கண்டி ஏற்றத்தில் எத்தனை. உங்கள் எஞ்சினின் வழமையை அறிந்தால்தான் மாற்றத்தை அறியலாம். அதே வீதியில் அதே பாரத்தில் 15 பாகை கூடுதலாகக் காட்டினால் ஒயில் மட்டம், றேடியேற்றரில் அடைத்த சேறு, தெர்மோஸ்டாற் என்ற வரிசையில் தேடுங்கள். 130ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைத்து, தண்ணீர் முள் சரியாக நிற்கிறதென்றால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினைச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு ஆற்றுங்கள். ஒயில் முள் ஏற, தண்ணீர் முள் இறங்கினால் மட்டும் காத்திருக்க வேண்டாம். தண்ணீர் போய்விட்டது, அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும் றேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள்.

துறைமுகத்தை அண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக்காற்று இரண்டு பருவத்துக்குள் வயர் முனைகளைப் பச்சையாக்கிவிடும். அதன் விளைவாக மின்தடை கூடி, முள் உண்மையிலும் குறைவான சூட்டைக் காட்டும். முனைகளில் வசலின் பூசி, ஆறு மாதத்துக்கொருமுறை கழற்றித் துடையுங்கள். முச்சக்கர வண்டிக்கு இந்தத் தட்டு பொருந்தாது. படகின் வெளி எஞ்சின் ஒயிலைப் பெற்றோலோடு கலந்து ஓடும் இரு அடிப்பு வகையென்றால் அதற்கு ஒயில் சம்பே இல்லை. உள்ளே பூட்டிய டீசல் எஞ்சினுள்ள படகுகளுக்கோ இது காரைவிடவும் பயன்படும். கடல்நீர் உறிஞ்சும் வாயில் ஒரு பொலித்தீன் பை ஒட்டினாலே குளிர்ச்சி நின்றுவிடும். இருட்டில், கரை தெரியாத தூரத்தில் அதைச் சொல்ல வேறு ஆளில்லை. படகில் மானியை எஞ்சின் பெட்டிக்குள் வைக்காமல், சுக்கான் பிடிப்பவரின் கண்ணுக்கு நேரே, தண்ணீர் படாத மூடியோடு பூட்டுங்கள்.