சவ்வு சல்லடை அல்ல

தம்பி,

பிவிசி பைப்பில் மின்சாரம் பாயாதே, அதே பிவிசியில் செய்த சவ்வு நைட்ரேட்டை எப்படிக் கண்டுபிடிக்கும் என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. ஆனால் அடுத்த வரியில், நைட்ரேட் மட்டும் நுழையும் ஓட்டைகள் அதில் இருக்குமோ என்று எழுதியிருந்தாயே, அதுதான் உறுத்துகிறது. பட்டதாரிகளே இப்படித்தான் சொல்லித் திரிகிறார்கள்.

கார்டிஃபில் மூடி, ஓக், தாமஸ் என்ற மூன்று வேதியியலாளர்கள் 1970இல் கால்சியத்தைக் கண்டுபிடிக்க பிவிசி சவ்வு செய்தார்கள். 1972இல் நைட்ரேட்டுக்கும் வந்தது. அதற்கு பிவிசி ஒரு பங்கு, எண்ணெய் போன்ற இளக்கி இரண்டு பங்கு, நீண்ட கொழுப்பு வால்கள் உள்ள அம்மோனியம் உப்பு கொஞ்சம். டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்துக் கண்ணாடி வளையத்துக்குள் ஊற்றி ஒரு ராத்திரி விட்டால், கரைப்பான் ஆவியாகி, வளைத்தால் வளையும் மெல்லிய தோல் மிஞ்சும். பெயர்தான் பிளாஸ்டிக்; உண்மையில் அது பிளாஸ்டிக் பிடித்து நிறுத்திய எண்ணெய்.

தேர்வு ஓட்டையால் அல்ல, அந்த எண்ணெயால்: தண்ணீரை இறுகப் பிடித்திருக்கும் குளோரைடு எண்ணெய்க்குள் வரத் தயங்கும். நைட்ரேட்டின் பிடி தளர்ந்தது, அது முந்திக்கொள்ளும். பெர்குளோரேட்டோ நைட்ரேட்டையும் முந்தும். 1888இல் பிராகில் ஹாஃப்மைஸ்டர் முட்டை வெள்ளைக்கருவில் உப்புகளைப் போட்டுப் பார்த்து தொடங்கிவைத்த வரிசைதான் இது. அம்மோனியம் உப்பை மாற்றி மாற்றிப் பார்த்தும் அந்த வரிசையை எளிதில் அசைக்க முடிவதில்லை.

அசைத்தவர்களில் ஹட்சின்ஸ், பாக்காஸ் என்ற இரு வேதியியலாளர்கள் உண்டு. 1995இல் சோடியம் நைட்ரேட் கரைசலிலேயே பிர்ரோல் என்ற சேர்மத்தை மின்சாரத்தால் பாலிமராக்கினார்கள். அச்சில் ஊற்றிய வெல்லப்பாகு அச்சின் வடிவத்தையே எடுப்பதுபோல, வளர்ந்த பாலிமர் நைட்ரேட்டின் அளவுக்கு இடம் விட்டு இறுகியது. நீ நினைத்த ஓட்டைக்குக் கொஞ்சமேனும் ஒத்துவருவது இதுதான்.

நைட்ரேட்டை ஏன் அளக்க வேண்டும்? கள்ளக்குறிச்சியில் கரும்புக்கும் மரவள்ளிக்கும் போடும் யூரியா மண்ணில் நைட்ரேட்டாகி, மழையோடு கிணற்றுக்கு இறங்கும். உப்புக்கரிக்கும் கிணற்றை ஒதுக்கி, நல்ல தண்ணீர் என்று நாக்கு சொல்வதை நம்புகிறோம். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது இந்திய வரம்பு. அந்த அளவு நாக்குக்குத் தெரியாது. இந்தச் சவ்வு பொருத்திய மின்வாயும் உப்புக் கிணற்றில் ஏமாறும்: குளோரைடு மிகுந்தால் அதையும் சேர்த்து நைட்ரேட்டாகக் காட்டும். சில்வர் சல்பேட் போடு, குளோரைடு தயிர்போல வெள்ளையாகத் திரிந்து அடியில் இறங்கும். பிறகு அள.

கல்வராயன் மலையில் கோமுகி ஓடைத் தண்ணீர் ஒரு பாட்டில், கோமுகி அணைக்குக் கீழே கரும்புக்காட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் எடு. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கிற வீட்டின் கிணறு முதலில். கொதிக்கவைத்தால் போதும் என்று அந்த வீட்டில் சொன்னால், நைட்ரேட் கொதித்துப் போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடும் என்று சொல்லிவிட்டு வா.