மலை ஓடையின் வேகம்

சிவகாசியின் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களுக்கு அங்குள்ள வறண்ட வெயில் துணைசெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே தடுத்துவிடுகிறது. எனவே விருதுநகர் மாவட்டம் மழை மறைவுப் பகுதியாயிற்று.

ஆயினும் அம்மலையின் கிழக்குச் சரிவில், சதுரகிரி முதலிய இடங்களில், சிற்றோடைகள் பல உண்டு. அங்கே சரிவு மிகுதி. பாறையும் நீரை எளிதில் உறிஞ்சாது. ஆகவே உச்சியில் பெய்த மழை பல கிளைகளில் இறங்கி, விரைவில் ஒரே ஓடையில் சேர்ந்துவிடும். வெள்ளம் பெரிய கற்களையும் உருட்டிவரும். அடிவாரத்தில் சரிவு குறைய, வேகமும் குறையும். முதலில் பெருங்கற்களும், பின்னர் கூழாங்கற்களும், இறுதியில் மணலும் படியும். சாத்தூரில் வைப்பாற்றில் நீங்கள் காணும் மணல் இவ்வாறு வந்து சேர்ந்ததே.

இந்த வேகத்தில் ஆபத்தும் உண்டு. 2015 மே மாதம் சதுரகிரி ஓடையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர். நீங்கள் நிற்குமிடத்தில் மழை இல்லாதபோதும் மேலே பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ, உடனே கரையேறி மேட்டுக்குச் செல்லுங்கள். வெள்ளம் வடியும்வரை ஓடையைக் கடக்க முயலாதீர்கள்.