வளைகுடாவிலிருந்து திரும்பியவருக்கு வீட்டுக் கடன்

வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பி மளிகைக் கடை வைத்த நம் வணிகர் சிலர், வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போய் வெறுங்கையுடன் திரும்புகின்றனர். காரணம் என்ன? அங்கே வாங்கிய சம்பளம் நின்றுவிட்டது; இங்கே கடை வருமானத்துக்குச் சான்று இல்லை.

தொழில் செய்வோரிடம் வங்கிகள் பொதுவாக 2 அல்லது 3 ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்கின்றன. ஆகவே வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும், கடை திறந்த ஆண்டிலிருந்தே கணக்குத் தாக்கல் செய்வோம். விற்பனைப் பணத்தைக் கடையின் நடப்புக் கணக்கில் செலுத்துவோம். பழைய என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்வோம்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, ரூ.30 லட்சம் வரையிலான கடன் வீட்டு மதிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீதி நம் கைப்பணம். எனவே கொண்டுவந்த சேமிப்பு முழுவதையும் சரக்கில் முடக்க வேண்டாம். முடக்கினால் கந்து வட்டிக்காரரிடம் பத்திரத்தை வைக்க நேரும்.