பிள்ளைகளுடன் மலாக்காவில் இரண்டு நாள்: வெயிலறிந்து திட்டமிடுவோம்

யோங் பெங் பட்டணம் நெடுங்காலமாக வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடமாக விளங்கி வருகிறது. பழைய பெருஞ்சாலைக் காலத்தில் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்குமிடையே ஓடிய பேருந்துகள் இங்கே நின்று சென்றன. 1994ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பின்னரும் இவ்வூரில் இறங்கி உணவருந்திச் செல்வோர் பலர். ஆனால் பட்டணத்தைச் சூழ்ந்துள்ள தோட்டங்களில் வாழும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அப்பேருந்துகளில் ஏறி, வேறொரு நகரை வேடிக்கையும் கல்வியுமாகக் கண்டு திரும்பியிருக்கின்றனர்? உறவினர் வீட்டுத் திருமணத்திற்கும் துக்கத்திற்கும் செல்வதே நம்மவரிற் பலருக்குப் பயணமாக இருந்து வருகிறது.

குடும்பத்துடன் இரண்டு நாள் நகர்ப்பயணம் செல்லுதல் செல்வந்தர்க்கே உரியதன்று. திட்டமிட்டால் தோட்டத் தொழிலாளர் குடும்பத்திற்கும் அது இயல்வதே. திட்டமின்றிப் புறப்பட்டாலோ, கைப்பணம் கரைவதோடு வெப்பத்தினால் குழந்தைகளின் உடல்நலமும் கெடும். ஆகவே, யோங் பெங்கிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலான தொலைவிலுள்ள மலாக்கா நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இப்பயணத்தை எவ்வாறு திட்டமிடலாம் என்பதனை இப்பாடத்திற் காண்போம்.

1. விடுப்பு நம் உரிமை

பயணத்திற்கு முதலில் வேண்டுவது நாள். தீபகற்ப மலேசியாவில் நடைமுறையிலுள்ள 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பை வகுத்துள்ளது. ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணிபுரிந்தவர்க்கு ஆண்டுக்கு 8 நாள். இரண்டாண்டு நிறைந்து ஐந்தாண்டு நிறையாதவர்க்கு 12 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணிபுரிந்தவர்க்கு 16 நாள். இவை குறைந்த அளவுகளே. வாராந்தர ஓய்வு நாளும் பொது விடுமுறைகளும் இவற்றின் வேறானவை.

இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அனுமதியின்றி வேலைக்கு வராத நாள்கள் அவ்வாண்டின் வேலை நாள்களில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சுமாயின் விடுப்புரிமை அற்றுப்போகும். உரிய காலத்துள் எடுக்கப்படாத விடுப்பும் பொதுவாக இழக்கப்படும். "விடுப்பு எடுத்து என்ன செய்வது?" என்றிருந்து உரிமையை வீணாக்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். எத்தனை நாள் மீதமுள்ளது என்பதனைத் தோட்ட அலுவலகத்தில் கேட்டறிந்து, ஒரு மாதத்திற்கு முன்னரே எழுத்தில் விண்ணப்பித்தல் நன்று. கணவனும் மனைவியும் ஒரே தோட்டத்தில் வேலை செய்வாராயின் இருவர் விடுப்பும் ஒரே நாளில் அமையும்படி கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். பயணத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் தாயின் தலையில் விழுந்தால், அவளுக்கு அது விடுப்பாகாது. இடம் மாறிய வேலையே ஆகும்.

2. பருவம் பார்த்தல்

வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை வீசுவது. ஜொகூரில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பெருமழை பெய்தல் இயல்பு. 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2007ஆம் ஆண்டு ஜனவரியிலும் வந்த வெள்ளத்தை நம் பகுதியில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பத்து பகாட் மாவட்டம் மீண்டும் பெருவெள்ளத்திற்கு உள்ளாயிற்று. ஆகவே, பெருமழை எச்சரிக்கை உள்ள நாள்களில் பயணத்தைத் தள்ளிவைத்தலே அறிவுடைமை.

ஜூன் முதல் அக்டோபர் வரையிலான காலத்தில் சில ஆண்டுகளில் புகைமூட்டம் வருகின்றது. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அண்டையிலுள்ள மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டியது. அங்கே நெருக்கடி நிலையும் அறிவிக்கப்பட்டது. குறியீடு 100க்கு மேற்பட்டால் அது உடல்நலத்திற்குக் கேடான நிலை. இளைப்பு நோயுள்ள குழந்தை இருக்கும் குடும்பம் அத்தகைய நாளில் வீட்டிலிருத்தலே நன்று.

பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டி ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும். பால் குறையும் அக்காலத்தில் விடுப்புக் கிடைத்தல் சற்று எளிதாகலாம். எனினும், வருமானமும் அப்போது குறையும். எனவே, பால் மிகுந்த மாதங்களிலேயே பயணத்திற்கான பணத்தைச் சேர்த்து வைத்தல் வேண்டும். பிள்ளைகளின் பள்ளி நாள் கெடாதவாறு பள்ளி விடுமுறைப் பட்டியலையும் பார்த்துக்கொள்க. ஜொகூரின் வார விடுமுறை 2025ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து சனி, ஞாயிறாக மாறியுள்ளது. மலாக்காவிலும் அந்நாள்களே விடுமுறையாதலின், வார இறுதியில் அங்கே நெரிசல் மிகும்; அறை வாடகையும் பெரும்பாலும் உயரும். பள்ளி விடுமுறையில் வரும் வாரநாள்களே ஏற்றவை.

3. பணம் சேர்த்தலும் பகுத்தலும்

கடன் வாங்கிச் செல்லும் பயணம் திரும்பிய மறுநாளே கசக்கும். எடுத்துக்காட்டாக, மாதம் 50 வெள்ளி வீதம் பத்து மாதம் சேர்த்தால் 500 வெள்ளி ஆகும். அதனை ஐந்து உறைகளிற் பகுத்து வைப்போம்: போக்குவரத்து, தங்குமிடம், உணவு, நுழைவுக் கட்டணமும் சிறு பொருள்களும், அவசரச் செலவு. திரும்பி வருவதற்கான பேருந்துக் கட்டணத்தை முதல் நாளே தனியே எடுத்துத் தாயிடம் கொடுத்துவிடுதல் வேண்டும். அவசர உறை பிரிக்கப்படாமல் வீடு திரும்புமாயின் அதுவே அடுத்த பயணத்தின் முதல் சேமிப்பு.

அறையைப் பேசும்போது குழந்தைகளையும் சேர்த்து எத்தனை பேர் தங்குவோம் என்பதனை முன்னரே தெரிவித்து, முழு வாடகையைக் கேட்டு எழுதிக்கொள்க. நகரின் பழைய பகுதிக்கு நடந்து செல்லக்கூடிய தொலைவில் உள்ள அறை சற்றுக் கூடுதல் வாடகையாயினும் இலாபமே. நண்பகலில் குழந்தையை அறைக்கு அழைத்துவந்து உறங்கவைக்க அது உதவும்.

4. மரத்திற்கும் குழந்தைக்கும் ஒரே கடிகாரம்

இனி, பாடத்தின் முக்கியப் பகுதிக்கு வருவோம். பால்வெட்டுக்கு விடியுமுன் ஏன் செல்கிறோம்? இரவில் இலைகள் வழியே நீர் ஆவியாதல் குறைவு. ஆகவே பட்டையிலுள்ள பாற்குழாய்கள் நீர் நிறைந்து அழுத்தமுற்றிருக்கும். வெட்டியவுடன் பால் நன்கு வழியும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் தளரும், மங்கில் விழும் பாலும் குறையும்.

குழந்தையின் உடலும் ஏறக்குறைய இவ்வாறே. நம் உடல் வியர்வையை ஆவியாக்கித் தன்னைக் குளிர்விக்கின்றது. நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதியாதலின் வியர்வை எளிதில் உலர்வதில்லை. சிறு குழந்தையின் எடையோடு ஒப்பிடுகையில் அதன் தோற்பரப்பு பெரிது. ஆகவே சுற்றுப்புற வெப்பத்தை அது விரைந்து ஏற்கிறது. விளையாட்டு மும்முரத்தில் தாகத்தையும் சொல்லாது.

ஆகவே, நகரிலும் பால்வெட்டுக்காரரின் நேரத்தையே கைக்கொள்வோமாக. காலை எட்டு மணிக்குள் புறப்படுதல். பதினொரு மணிக்குள் வெயிலில் காணவேண்டியவற்றை முடித்தல். அது முதல் நான்கு மணி வரை நிழலிலோ கட்டடத்தினுள்ளோ இருத்தல். மாலையில் மீண்டும் வெளியே செல்லுதல். குளிர்நாட்டிலிருந்து வரும் பயணிகள் நண்பகலில் வெயிலில் அலைந்து சோர்வதைக் காணலாம். வெயிலின் போக்கறிந்த நமக்கு அத்தவறு வேண்டுவதில்லை.

மலாக்கா நீரிணைக் கரையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை சில விடியற்பொழுதுகளில் சுமத்திராப் புயற்காற்று மழையுடன் வரும். மற்ற நாள்களில் பிற்பகல் இடிமழை பொதுவானது. இடி கேட்டால் திறந்த குன்றிலும் மரத்தடியிலும் நில்லாமல் கட்டடத்தினுள் செல்லுதல் வேண்டும்.

5. இரண்டு நாள் நிரல்

முதல் நாள்: அதிகாலையில் இட்லியோ ரொட்டியோ உண்டு புறப்படுக. நெடுஞ்சாலை வழியாக ஆயர் குரோ சென்று நகருக்குள் நுழையலாம். பாரிட் சூலோங், மூவார் வழியாகப் பழைய சாலையிலும் செல்லலாம். நேர்ப் பேருந்து உண்டா, எத்தனை மணிக்கு என்பதை முன்னாளே கேட்டறிக. பேருந்தில் இருக்கைப் பட்டி இருப்பின் அனைவரும் அணிதல் வேண்டும். விரைவுப் பேருந்துப் பயணிகளிடம் இவ்விதி 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் வலியுறுத்தப்படுகிறது. சொந்தக் காரில் செல்வோர் குழந்தைக்கெனத் தனி இருக்கை பொருத்துதல் 2020 முதல் சட்டம். நான்கு பேரை ஒரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லுதல் பயணமன்று, ஆபத்து.

காலையில் பொற்கொல்லர் தெருவுக்குச் செல்க. அங்குள்ள ஸ்ரீ பொய்யாத மூர்த்தி விநாயகர் ஆலயம் டச்சுக்காரர் ஆட்சியில் 1781ஆம் ஆண்டில் எழுந்தது; நாட்டின் மிகப் பழைய இந்து ஆலயங்களுள் ஒன்று. அதனைக் கட்டியவர் மலாக்கா செட்டிகள் எனப்படுவோர். மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே வணிகத்திற்கு வந்து தங்கிய தமிழரின் வழித்தோன்றல்கள் இவர்கள். இன்று மலாய் பேசினும் இந்து சமய வழிபாட்டையும் பொங்கலையும் விடாது காத்து வருகின்றனர். தமிழர் இந்நாட்டுக்கு ரப்பர் மரத்தோடுதான் வந்தனர் என்றெண்ணும் பிள்ளைக்கு இவ்வாலயம் ஒரு புதிய பாடம். அருகிலேயே 1748இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும், பதினேழாம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் உள்ளன. மூன்றையும் சிறிது நேர நடையில் காணலாம்.

நண்பகல் உணவுக்குப் பின் அறையில் ஓய்வு. மாலையில் ஆற்றங்கரை, கையில் பணமிருப்பின் ஆற்றுப் படகு.

இரண்டாம் நாள்: காலை எட்டு மணிக்கே செயின்ட் பால் குன்றேறுக. அடிவாரத்திலுள்ள சந்தியாகு வாயில், 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் எழுப்பிய கோட்டையின் எஞ்சிய பகுதி. அதனருகே சுதந்திரப் பிரகடன நினைவகம் உள்ளது. நாடு விடுதலை பெறும் நாளைத் துங்கு அப்துல் ரகுமான் 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் அறிவித்த திடல் அதன் எதிரில் உள்ளது. வெயில் ஏறியதும் 1641க்குப் பின் ஆண்ட டச்சுக்காரரின் செந்நிறக் கட்டடமான ஸ்தாதைசில் உள்ள அரும்பொருளகத்தினுள் செல்க. பழைய மலாக்கா நகரை, பினாங்கின் ஜார்ஜ் டவுனுடன் சேர்த்து, யுனெஸ்கோ 2008இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

திரும்பும் வழியில் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுக. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்ட விதைகளிலிருந்து வந்த 22 நாற்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் ரிட்லி அம்மரத்தைப் பயிரிடுமாறு இடைவிடாது வற்புறுத்தினார். அவர் பேச்சை ஏற்று, மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டார். நம் குடும்பங்களுக்கு மூன்று தலைமுறையாகச் சோறிட்ட தொழிலின் வேர் அந்த மாநிலத்தில்தான் ஊன்றியது.

6. நீரும் உணவும் முதலுதவியும்

ஒவ்வொருவர்க்கும் கொதித்தாறிய நீர் ஒரு புட்டி வேண்டும். தாகம் வருமுன்னே, சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுக்க. சிறுநீர் அடர்மஞ்சளானால் நீர் போதவில்லை என்பது பொருள். பருத்தித் துணி, அகன்ற தொப்பி, குடை ஆகியவை போதும். கொசு பகலிலும் கடிக்கும். டெங்கியைப் பரப்பும் கொசு காலையிலும் மாலையிலும் மிகுதியாக நடமாடுவது. ஆகவே மாலையில் முழுக்கைச் சட்டை நன்று.

கட்டுச்சோறு கொண்டு செல்வோர் புளிச்சோறு கொள்க. தேங்காய்ச் சட்டினியும் தேங்காய்ப்பாற் சோறும் வெப்பத்தில் விரைவில் கெடும். கடையில் உண்ணின் சூடாகச் சமைத்ததையே கேட்க. வயிற்றுப்போக்கு உண்டானால், ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு சமதேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்க. அளவு தவறலாகாது, உப்பு மிகுந்தால் தீங்கு.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அளவிறந்த சோர்வு ஆகியன வெப்பத்தளர்ச்சியின் அறிகுறிகள். குழந்தையை நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, விசிறி, நீர் பருகச் செய்க. உடல் நெருப்பாய்க் கொதித்து, பேச்சுத் தடுமாறி, நினைவு மயங்கினால் அது வெப்பத்தாக்கம். உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே 999 எண்ணை அழைத்து, உதவி வரும்வரை உடல் முழுதும் நீரூற்றி விசிறுக. மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றலாகாது. மூடிய காரில் குழந்தையை ஐந்து நிமிடமும் தனியே விடலாகாது.

குழந்தையின் மைகிட் அட்டையைத் தாய் வைத்திருக்க. பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய தாளைப் பிள்ளையின் சட்டைப்பையில் இடுக. "வழி தவறினால் தேடி அலையாதே; நின்ற இடத்திலேயே நில்; சீருடை அணிந்த காவலரிடமோ, கடையில் உள்ளவரிடமோ சொல்" எனப் புறப்படுமுன்னே கற்பிக்க.

குடும்பத்தார் கூடிப் பேசுதற்குரிய வினாக்கள்

1. இவ்வாண்டு நமக்கு எத்தனை நாள் விடுப்பு மீதமுள்ளது? அதனை எப்போது விண்ணப்பிக்கலாம்?
2. மாதந்தோறும் எவ்வளவு சேர்க்க இயலும்? எவ்வெச் செலவைக் குறைத்தால் அது கூடும்?
3. நண்பகல் ஓய்வுக்கு எங்கே இருப்போம்? மழை வந்தால் எங்கே செல்வோம்?
4. பயணத்தில் தாய்க்கு ஓய்வு கிடைக்க, தந்தையும் மூத்த பிள்ளைகளும் எவ்வெப் பணிகளை ஏற்பர்?
5. மலாக்காவைப் பற்றி ஒவ்வொரு பிள்ளையும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று எது?

இவ்வைந்திற்கும் விடையை ஒரு பழைய பள்ளிக்கூடக் குறிப்பேட்டில் பிள்ளைகளே எழுதட்டும். அவ்வேட்டின் அடுத்த பக்கத்தில் முதல் மாதச் சேமிப்பைக் குறித்துவைத்தல் பெற்றோரின் கடமை.