முகவரி இல்லாதவருக்குக் கைபேசி எண்தான் முகவரி

பைக்காரா படகு இல்லத்துக்கு வருகிற ஒரு சுற்றுலாப் பயணி, மலை ஏறும் முன்பே இணையத்தைத் தொட்டுவிடுகிறார். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை. அதைக் கைபேசியிலேயே எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். வழியில் கேரட் வாங்கினாலும் டீ குடித்தாலும் க்யூஆர் கோடுதான். "நெட் இல்லைன்னா இந்தக் காலத்துல என்னங்க பண்றது?" என்று நாமும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம்.

அதே ஊட்டி–கூடலூர் சாலையில், கடை அடைத்த பிறகு அதன் திண்ணையில் படுக்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் மலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதை. முப்பது வருடம் எஸ்டேட்டில் வேலை. இருந்தது எஸ்டேட் கொடுத்த லைன் வீடு. வேலை முடிந்தால் அந்த வீட்டையும் காலி செய்ய வேண்டும். சொந்த நிலம் கிடையாது, பிள்ளைகள் திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள். பகலில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறார். இரவில் கம்பளி, குல்லா, திண்ணை. கையில் ஒரு பட்டன் போன் இருந்தது. அதுவும் ஒரு மழை நாளில் தொலைந்துவிட்டது.

இவருக்கு இணையம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையில் வீடு இருப்பவரைவிட இவருக்குத்தான் அது அதிகம் தேவை. வீடு இருந்தால் தபால் வரும், அட்டைகளைப் பத்திரமாக வைக்கலாம், அலுவலர் தேடி வந்தால் ஆள் இருக்கும். இந்த மூன்று வேலையையும் வீடு இல்லாதவருக்கு ஒரு கைபேசி எண்தான் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த எண் போனால் என்னவெல்லாம் போகும் என்பதை இவரை வைத்தே பார்ப்போம்.

பி.எஃப். பிடித்த எஸ்டேட் தொழிலாளி என்பதால், பத்து வருடப் பணிக்காலம் இருந்தால் 58 வயதில் இவருக்கு இபிஎஸ் ஓய்வூதியம் உண்டு. 2014 முதல் அதன் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் அது நின்றுபோகும். வங்கிக்குப் போனால் விரல் வைக்கச் சொல்வார்கள். தேயிலை பறித்தும் கத்தி பிடித்தும் தேய்ந்த விரலில் ரேகை சரியாக விழாது. "நாளைக்கு வாங்க" என்பார்கள். ஊட்டிக்குப் போய்வரும் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போனதுதான் மிச்சம்.

இந்த இடத்தில் உங்கள் ஸ்மார்ட்போன் உதவும். 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டியே உயிர்வாழ் சான்று கொடுக்கலாம். பிளே ஸ்டோரில் 'ஜீவன் பிரமாண்', 'ஆதார் ஃபேஸ் ஆர்டி' ஆகிய இரண்டு செயலிகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். முதலில் போன் உங்களுடையது என்பதால் இயக்குபவராக உங்கள் ஆதாரையும் முகத்தையும் ஒருமுறை பதிய வேண்டும். பிறகு பெரியவரின் ஆதார் எண், கைபேசி எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண். அவர் எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போட்டு, வெளிச்சமான இடத்தில் நிற்கவைத்து முகத்தைக் காட்டச் சொன்னால் வேலை முடிந்தது. குல்லாவைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள். இபிஎஸ் ஓய்வூதியர் இதை எந்த மாதத்திலும் செய்யலாம், அன்றிலிருந்து ஓராண்டு செல்லும். நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பிரச்சினை 'அவர் எண்ணுக்கு வரும் ஓடிபி' என்ற வரியில் இருக்கிறது. போன் தொலைந்தவுடன் பலர் புது சிம் வாங்கிவிடுகிறார்கள். அது தவறு. அடையாள அட்டையுடன் அதே நிறுவனத்தின் கடைக்குப் போனால் பழைய எண்ணிலேயே மாற்று சிம் கிடைக்கும். ஆனால் தாமதிக்கக் கூடாது. 90 நாட்கள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்ட் எண்ணைத் துண்டித்துவிடலாம். துண்டித்த பிறகு இன்னும் குறைந்தது 90 நாள் கழித்து அது வேறொருவருக்குப் போகலாம். பெரியவரின் வங்கிச் செய்தி யாரோ ஒரு புதியவருக்குப் போக ஆரம்பித்தால், அதை அவருக்குச் சொல்ல யாரும் இல்லை.

பழைய எண் கையை விட்டுப் போய்விட்டதா? புது எண்ணை ஆதாரில் சேர்க்க எந்த ஆவணமும் வேண்டாம். ஆதார் மையத்துக்கு நேரில் போனால் போதும். அதன் பிறகு வங்கி, ரேஷன் கார்டு என்று வரிசையாக மாற்ற வேண்டும். ஆதாரை முதலில் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அதைப் பிடித்துத்தான் வரும். பிறகு டிஜிலாக்கர் கணக்கு திறந்துகொடுங்கள். மழையில் நனையாத, மூட்டையோடு தொலையாத பெட்டி அது ஒன்றுதான்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உதவுகிறேன் என்று அவர் படிவத்தில் உங்கள் எண்ணைப் போடாதீர்கள். நல்ல மனதோடு செய்வதுதான், ஆனால் அடுத்த வருடம் ஓடிபி உங்களுக்கு வரும், அவர் உங்களைத் தேடி அலைவார். கடைக்காரர் எண், கங்காணி எண், பக்கத்து மேசைக்காரர் எண் என்று போட்டு, சொந்தப் பணத்தையே கேட்டு வாங்கும் நிலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். எண் அவருடையதாக இருக்கட்டும். மலிவான பட்டன் போனில் வந்தாலும் ஓடிபி ஓடிபிதான்.

"வீடே இல்லையே, ஆதாரில் என்ன முகவரி போடுறது?" என்ற கேள்வி அடுத்து வரும். அங்கீகரிக்கப்பட்ட தங்குமிடத்தின் பொறுப்பாளரோ தாசில்தார் போன்ற அலுவலரோ ஆதார் ஆணையத்தின் படிவத்தில் தரும் சான்று செல்லும். 2023 முதல், உறவினரான குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு அவர் முகவரியை ஆன்லைனிலேயே சேர்க்கவும் வழி இருக்கிறது. திருப்பூர் மகனின் முகவரியை இப்படிச் சேர்க்கலாம். வாக்காளர் பட்டியலில் விதி இன்னும் எளிது. வீடற்றவர் படிவம் 6-இல் தான் தூங்கும் இடத்தைக் குறிப்பிட்டால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே வந்து பார்த்து உறுதி செய்வார். வசிப்பிடச் சான்று கேட்க மாட்டார்கள்.

இதெல்லாம் சலுகை இல்லை. 2019 செப்டம்பரில் ஃபஹீமா ஷிரின் என்ற கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணைய அணுகல் கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. கண் சிமிட்ட முடியாததால் கேஒய்சி செய்ய இயலாத அமிலவீச்சுப் பாதிப்பாளர்களும் பார்வையற்றவர்களும் கேட்ட வழக்கு அது. ரேகை தேய்ந்த விரலுக்கும் அந்தத் தீர்ப்பின் நியாயம் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28 இரவில் மட்டும் தனியாக எண்ணியபோது இந்தியாவில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடின்றி இருந்தார்கள். இரவுத் தங்குமிடத் திட்டம் நகரங்களின் மக்கள்தொகையை வைத்துப் போடப்பட்டது. பைக்காரா போன்ற சாலையோர ஊர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. அதனால் இங்கே கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதே ஒரு சின்னப் போராட்டம். பைக்காரா நீர்மின் திட்டம் 1932-லேயே மின்சாரம் தரத் தொடங்கியது. ஆனால் திண்ணையில் படுப்பவர் ஒரு டீ வாங்கினால்தான் பிளக் பாயின்ட் கிடைக்கும்.

நியூயார்க் நகரம் 2016-இல் தெருவோரங்களில் இலவச வைஃபை கம்பங்களை வைத்து, இணையம் பார்க்கத் திரையும் கொடுத்தது. வீடற்றவர்கள் நெடுநேரம் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று புகார் வந்ததும் அதே ஆண்டு செப்டம்பரில் திரையில் இணையத்தை நிறுத்திவிட்டார்கள். வைஃபையையும் போன் பேசுவதையும் சார்ஜ் போடுவதையும் விட்டுவைத்தார்கள். யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் பயன்படுத்தியதே குற்றமாகிவிட்டது!

நம் ஊரில் இதற்குப் பெரிய கம்பம் வேண்டாம். பிஎம்-வாணி திட்டத்துக்கு 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதில் ஒரு டீக்கடைக்காரரோ மளிகைக்காரரோ உரிமம் இல்லாமலே தன் இணைப்பிலிருந்து பொது வைஃபை தரலாம். சாலையோரத்தில் கடை வைத்திருக்கும் வாசகர்கள் இதை யோசிக்கலாம். கூடவே சுவரில் ஒரு பிளக் பாயின்டும்.

பெரியவர் பி.எஃப். இல்லாத தற்காலிகத் தொழிலாளியாக இருந்திருந்தால், மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் நகரவில்லை என்றால் முதல்வரின் முகவரி எண் 1100. ஆதார் சந்தேகங்களுக்கு 1947. ஆதரவின்றி இருக்கும் முதியவரைப் பார்த்தால் 14567. வாக்காளர் பட்டியலுக்கு 1950. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஊட்டியில் ஆட்சியர் அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். போகும்போது பெரியவரையும் அழைத்துப் போங்கள், மனு அவர் பெயரில், அவர் எண்ணோடு இருக்கட்டும்.