கருவியும் கருத்தாவும்

மூன்றாம் வேற்றுமைப் பாடத்தை நம்மிடம் கற்ற பழைய மாணவர் பலர் இம்மலரைக் கையில் எடுப்பர். 'ஆல்' என்னும் உருபு கருவிப் பொருளிலும் கருத்தாப் பொருளிலும் வரும் என்பதையும், கருத்தா இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா என இருவகைப்படும் என்பதையும் அவர்கள் மறந்திரார். 'உளியால் செதுக்கினான்' என்னுமிடத்து உளி கருவி. 'தச்சனால் கட்டப்பட்ட கோயில்' என்னுமிடத்துத் தச்சன் தன் கையால் இயற்றியவன். 'அரசனால் கட்டப்பட்ட கோயில்' என்னுமிடத்து அரசன் கல்லெடுத்தவன் அல்லன், ஏவியவன். ஆயினும் இலக்கணம் இருவரையும் கருத்தா என்றே கொள்ளும். ஒருவரைச் சொன்னமையால் மற்றவர் நீங்குவதில்லை.

தேர்வுக்கென மனனம் செய்யப்படும் இவ்விதி, தீங்கு விளைந்தவிடத்து 'பொறுப்பு யாருடையது?' என ஆராய்வதற்கும் துணையாகும் என்பதே ஈண்டு நாம் கூற விழைவது.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். 1942 ஏப்ரல் 9ஆம் நாட் காலையில் யப்பானிய வானூர்திகள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. சீனன்குடாவிலுள்ள எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்று அன்று தீப்பற்றி அழிந்தது. முதல்நாள் இரவு இத்துறைமுகத்தை விட்டு அகன்றிருந்த 'ஹேர்மீஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட, முந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். இவ்வழிவு 'குண்டுகளால்' நேர்ந்தது எனின் கருவியைக் கூறினோம். 'வானோடிகளால்' எனின் இயற்றியோரைக் கூறினோம். 'அக்கடற்படையை நடத்திய நகுமோவினாலும், அவரை அனுப்பியோராலும்' எனின் ஏவியோரைக் கூறினோம். மூன்றும் மெய்யே. ஆனால் முதலாவதோடு நின்றுவிடுபவன் எவரையும் கூறியவன் ஆகான்.

போரிலே பகைவர் இன்னார் என்பது வெளிப்படை. அமைதிக் காலத்தில், எவரும் தீங்கு நினையாதபோது, பொறிகளைக் கையாள்வதனால் விளையும் கேடே நம்மைத் திகைக்கச் செய்வது. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அண்மையில் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்னும் கப்பல் தீப்பற்றியதை நினைவுகூர்க. சிங்கப்பூர்க் கொடி தாங்கிய அப்புதிய கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. ஏற்றிய சரக்கினுள் 25 தொன் நைத்திரிக் அமிலமும் அடங்கும். அமிலம் கசிவது வழியிலேயே அறியப்பட்டது. கசியும் கொள்கலனை இறக்கிவிடக் கட்டாரின் ஹமாட் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராத் துறைமுகத்திலும் கேட்டும் இணக்கம் கிடைக்கவில்லை. கசிவுடனேயே கப்பல் கொழும்பை அடைந்தது, நாட்கணக்கில் எரிந்தது, ஜூன் மாதத்தில் அமிழ்ந்தது. பிளாத்திக்கு மணிகள் மேற்குக் கரையில் மலிந்து ஒதுங்கின. ஆமைகள் இறந்து கிடந்தன. மீன்பிடிக்குத் தடை வந்தமையால் வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன.

'அமிலத்தால் எரிந்தது' என ஒரு வாக்கியத்தில் இதனை முடித்துவிடலாமா? பொதி செய்தவர், ஏற்றியவர், கப்பற்றலைவர், உரிமையாளர், இறக்க இணங்காத துறைமுகத்தார், நம் கரையிற் காவற்கடமை பூண்டோர் என ஒரு நீண்ட நிரை நம் முன் நிற்கின்றது. ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரைச் சுட்டுவாராயின், ஈற்றில் வாயற்ற அமிலமே குற்றவாளியாகும்.

இங்ஙனம் சுட்டிக் கழித்தலை ஏலாத அரசன் ஒருவனைச் சேக்கிழார் பெரியபுராணத்திற் காட்டுகின்றார். திருவாரூர் வீதியில் இளவரசன் தேரூர்ந்தபோது, எவரும் அறியாவண்ணம் துள்ளிப் புகுந்த கன்றொன்று சக்கரத்தில் அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. கழுவாய் செய்தால் அமையும் என்றனர் அமைச்சர். 'தேர் கொன்றது' என்றோ 'கன்று தானே வந்து விழுந்தது' என்றோ கூறி மனுநீதிச் சோழன் அமைதி கொண்டிலன். தன்னாலும், தன் பரிசனத்தாலும், பகைவராலும், கள்வராலும், பிற உயிர்களாலும் வரும் ஐவகை அச்சத்தையும் போக்குபவனே காவலன் என்றான். ஐந்திடத்தும் 'ஆல்' உருபு வருதலையும், அவற்றுள் 'தன்னால்' என்பது முதலில் நிற்றலையும் மாணவர் உற்றுநோக்குக. மைந்தன்மேல் தேரைச் செலுத்துமாறு ஏவப்பட்ட அமைச்சன் அதனைச் செய்யமாட்டாது தன்னுயிரைத் துறந்தான். ஏவல் பெற்ற கையும் தன் செயலுக்கு விடைகூற வேண்டியதே என்பது அவன் செயலாற் புலனாகும். அதன்பின் அரசன் பிறரை ஏவாது, தானே தேர் செலுத்தினான். அத்தண்டனை இக்காலத்துக்கு ஒவ்வாது. நாம் கொள்ளத்தக்கது அவன் தன்னிடத்தே தொடங்கிய விசாரணையே.

கப்பல் வழக்கில் நம் நாட்டு உயர் நீதிமன்றமும் கருவியோடு நின்றுவிடவில்லை. மாசு விளைத்தவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறிப்படி, 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்துமாறு 2025 ஜூலை 24இல் கப்பற்றரப்பினரைப் பணித்தது. அரசின் பக்கத்திலும் கடமை தவறியமையைக் கண்டுரைத்தது. கப்பல் நிறுவனமோ அத்தொகையைச் செலுத்த இணங்காமையை அவ்வாண்டு செப்டம்பரில் வெளியிட்டது. தீர்ப்பு எழுதப்பட்டும் கரையோர மக்களின் மணியோசை அடங்கிற்றில்லை.

நம் மாணவர் துறைமுகத்துக்கும், கப்பலுக்கும், பொறியியற் கூடங்களுக்கும் பணிபுரியச் செல்வோர். ஆளில்லா வானூர்தியும் தானே முடிவு காணும் கணினியும் பெருகிவரும் இந்நாளில், 'பொறி செய்தது' என்னும் வாக்கியம் முன்னையினும் எளிதாக நாவில் எழும். அதனைக் கேட்குந்தோறும், 'கருவியைக் கூறினீர், இயற்றியவர் யார்? ஏவியவர் யார்?' என வினவுக. தம் கைப்பட்ட பிழையாயின், வினவுவார் வருமுன்னரே 'என்னால்' எனத் தொடங்குக. அங்ஙனம் தொடங்கத் துணிந்தவரே மூன்றாம் வேற்றுமையைப் பழுதறக் கற்றவர் ஆவர்.